ஐந்தாவது பூட்டு

கனாலெஸ் குடும்பத்து நிலத்தில் முளை அடித்துவிட்டார்கள் என்ற செய்தி எவராடோவிடம் வந்து சேர்ந்தபோது அது நாலு வாய் மாறியிருந்தது. முடிவெட்டுகிறவர் சோஸ்தெனெஸின் மைத்துனனிடம் சொன்னார். மைத்துனன் சோஸ்தெனெஸிடம் சொன்னான். சோஸ்தெனெஸ் மாட்டுத்தீவனக் கடையில் பருத்திக்கொட்டை மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஜனவரியில கனாலெஸ் தன் கேட்டுல எல்லைக் காவலருங்க பூட்டை மாட்ட விட்டான். மார்ச்சுல முளை. ஆரஞ்சு ரிப்பன் கட்டின முளை, வீட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி. எல்லைச் சுவர் வரப்போகுதுய்யா. மேய்ச்சல் அந்தப் பக்கம், அடுப்படி இந்தப் பக்கம்."

"நீங்க பாத்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தவனுக்கு முடிவெட்டினவரே சொல்லியிருக்கார்."

எவராடோ உப்புக்கட்டி வாங்க உள்ளே நுழைந்தார். சோஸ்தெனெஸ் இறங்கவில்லை, மூட்டையின் மேலிருந்தே தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

"இதோ சாவிக்காரர். கொம்பாத்ரே, நல்ல கூட்டுத்தொழில்தான் உங்களுக்கு. முன்னாடி நீங்க போய்ச் சிரிச்சுப் பேசிப் பூட்டு மாட்டுறீங்க. பின்னாடியே அவங்க வந்து முளை அடிக்கிறாங்க."

சோஸ்தெனெஸின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் எவராடோ. அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

"முளையில என்ன எழுதியிருந்துச்சாம்?" என்று கேட்டார் எவராடோ.

"முளைக்கு என்ன எழுத்து கொம்பாத்ரே? கல்லறைக்குத்தான் எழுத்து."

எல்லோரும் சிரித்தார்கள். எவராடோ உப்புக்கட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு நேராகக் கனாலெஸின் நிலத்துக்குப் போனார். ஆரஞ்சு ரிப்பன் இருந்தது, முளையும் இருந்தது. குனிந்து பார்த்தால் எரிவாயுக் கம்பெனியின் எழுத்தும் குழாயின் எண்ணும். கனாலெஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சலிப்போடு சொன்னார்: "என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கலை. துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வந்து கையைப் பிடிச்சு அழுத்திட்டுப் போறாங்க."

எவராடோ கடைக்குத் திரும்பி வந்து சொன்னார். சோஸ்தெனெஸ் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்று கேட்டார், இந்த முறை சிரிக்காமல்.

"சரி, இது கேஸ் குழாய். நாளைக்குச் சுவர் வராதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

எவராடோவுக்குப் பொய் சொல்ல வராது. "அதை நான் சொல்ல முடியாது கொம்பாத்ரே. பூட்டுக்கு மட்டும்தான் நான் ஜவாப்தாரி."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வேறு செய்தி: சுவர் வராது என்று சொல்ல முடியாது என்று சாவிக்காரரே சொல்லிவிட்டார்.

எவராடோவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. டெக்சாஸின் தென்கோடியில், ஆற்றுக்கு இக்கரையில் பிறந்தவர், அக்கரை மெக்சிகோ. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட மஞ்சள் பஸ் ஓட்டியவர். ஆற்றோரச் சாலையில் எந்த கேட்டில் எந்தப் பிள்ளை நிற்கும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும், எந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியதும் பஸ் லைசென்ஸ் போயிற்று. சொந்த வண்டியைப் பகலில் ஓட்டலாம், பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்தார். காலை ஐந்தரைக்கு எழுந்து காப்பி போட்டு, போவதற்கு இடமில்லாமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மனைவி நியேவெஸ் அதைப் பார்க்க முடியாமல் முற்றத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் மாவட்டத்திலிருந்து இந்த வேலை வந்தது. வேலைக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. ஆற்றோரம் கிட்டத்தட்ட முழுவதும் தனியார் நிலம், எல்லாம் வேலி, எல்லாம் பூட்டு. எல்லைக் காவலர்கள் உள்ளே போக வேண்டுமானால் ஒன்று உரிமையாளர் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலியை வெட்ட வேண்டும். வெட்டினால் மாடு வெளியே போகும். மாடு போனால் உரிமையாளர் அடுத்த முறை துப்பாக்கியோடு வாசலில் நிற்பார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசி, கேட்டில் ஒரு பூட்டு மாட்ட இடம் கேட்க வேண்டும். அதுதான் வேலை.

அந்தப் பக்கத்து கேட்டுகளில் பூட்டு தனியாக இருப்பதில்லை. ஒரு சங்கிலி, அதில் உரிமையாளரின் பூட்டு, எரிவாயுக் கம்பெனியின் பூட்டு, மின்சாரக்காரர்கள் பூட்டு, குத்தகைக்கு மான் சுட வருகிறவர்களின் பூட்டு என்று ஒன்றோடு ஒன்று கைகோத்த மாதிரி மாட்டியிருக்கும். அவரவர் சாவியால் அவரவர் பூட்டைத் திறந்தால் போதும், சங்கிலி விட்டுவிடும். திரும்பப் பூட்டும்போதுதான் கவனம் வேண்டும். பக்கத்துப் பூட்டின் வளையத்துக்குள் தன் பூட்டை மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு அதற்கும் அடுத்ததில் மாட்டினால், நடுவில் உள்ள பூட்டு சும்மா தொங்கும். அந்தப் பூட்டுக்காரர் வந்து திறப்பார். பூட்டு திறக்கும், கேட் திறக்காது.

புதிதாக வருகிற காவலர்களுக்கெல்லாம் எவராடோ இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். "பூட்டின பிறகு ஒவ்வொன்னையும் பிடிச்சு இழுங்க. எண்ணுங்க. அஞ்சு இருந்தா அஞ்சும் பிடி குடுக்கணும். ஒன்னு சும்மா ஆடுச்சுன்னா நீங்க ஒருத்தரை அவர் நிலத்துக்கு வெளியே நிறுத்திட்டீங்கன்னு அர்த்தம்." கெல்லர் என்ற இளம் அதிகாரி, வடக்கே பனி கொட்டும் ஊர்க்காரன், இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். எவராடோவுக்கு அவனை அன்றிலிருந்து பிடித்துப்போயிற்று.

மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு கேட்டுகளில் பூட்டு மாட்டினார். மாட்டவே முடியாது என்று எல்லோரும் சொன்னது ஒரு கேட். தொமித்தீலாவின் கேட்.

தொமித்தீலா எவராடோவைவிட மூன்று வயது மூத்தவர். சாலைக்கு எதிர்ப்புறம் வீடு. இந்தப் பக்கம் நிலம். சாலையிலிருந்து ஆறுவரை நீண்டு இறங்கும் நிலம். மேலே சீமைக்கருவேலும் சப்பாத்திக்கள்ளியும் அடர்ந்த காடு, நடுவில் ஒரு வறண்ட ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காற்றாலை நிற்கும் மேடு, அதற்கும் கீழே ஆற்றங்கரைப் புல்வெளி. கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். மகள் ஹூஸ்டனில் நர்ஸ். மழை பொய்த்த வருஷங்களில் எரிவாயுச் சுடரால் கள்ளியின் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போடுவார், தனியாகவே. ஐந்து வருஷத்துக்கு முன்பு யாரோ அவசரத்தில் அவர் வேலியை வெட்டி உள்ளே போனார்கள். யார் என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய காளை அந்த வழியாக வெளியேறி, நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது. லாரிக்காரருக்கும் கால் போயிற்று. அன்றிலிருந்து தொமித்தீலாவின் கேட்டுக்கு முன்னால் அரசாங்க வண்டி நின்றால், அவர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். திட்டமாட்டார். ரேடியோவின் ஒலியை மட்டும் கூட்டுவார்.

எவராடோ பதினான்கு தடவை போனார். முதல் ஐந்து தடவை காகிதத்தை வண்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை.

"என்ன பஸ்காரரே," என்பார் தொமித்தீலா, "என் வீட்டுல ஸ்கூலுக்குப் போற வயசுல யாரும் இல்லையே."

"பழக்கதோஷம் தோன்யா," என்பார் எவராடோ, மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கிற வார்த்தையில். "இந்த கேட்டைப் பாத்தா கால் தானா பிரேக்குக்குப் போயிடுது."

"அப்படியே கிளட்சையும் மிதிச்சுக் கிளம்புங்க."

ஆனால் காப்பி கொடுப்பார். ஒன்பதாவது தடவை எவராடோ கெல்லரைக் கூட்டிப் போனார். அவன் புத்தகத்தில் படித்த ஸ்பானிஷில் நீளமாக மன்னிப்புக் கேட்டான், தான் வருவதற்கு முன்பு நடந்ததற்கு. அவன் போன பிறகு தொமித்தீலா சொன்னார்: "பாதிரியார் பிரசங்கம் பண்ற மாதிரியே பேசுறான் பாவம். ஆனா கேட்டைச் சாத்திட்டுப் போனான், கவனிச்சேன்."

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது எவராடோ அல்ல. ஒரு மே மாதம், காற்றாலைக்கு அருகில் தொட்டியைப் பார்க்கப் போன தொமித்தீலா, கருவேல மரத்தடியில் ஓர் ஆளைக் கண்டார். முப்பது வயதுகூட இருக்காது. உயிர் இல்லை. ஒரு காலில் மட்டும் ஷூ. கையில் போன். ஆற்றைக் கடந்து வந்து வெயிலில் வழி தவறியவன். முந்தின நாள் மத்தியானம் அவசர எண்ணுக்கு அவன் பேசியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. காவலர்களும் ஆம்புலன்ஸும் தொமித்தீலாவின் கேட்வரைக்கும் வந்திருக்கிறார்கள். அவர் அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தார். சாவி இல்லை. வேறு நிலம் வழியாகச் சுற்றிப் போய், திசை தப்பி, இருட்டிவிட்டது.

அடுத்த வாரம் அவரே எவராடோவை வரச் சொன்னார். காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவன் போன்ல சார்ஜ் இருந்துச்சு, பஸ்காரரே. நான் கையில எடுத்தப்போ வெளிச்சம் வந்துச்சு."

எவராடோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க பூட்டைக் கொண்டாங்க. ஆனா நான் அரசாங்கத்துக்குக் குடுக்கலை. அரசாங்கத்துக்கு முகம் கிடையாது, நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவேன்? உங்களுக்குக் குடுக்கிறேன். வேற எவன் நம்பரையும் நான் போன்ல ஏத்திக்க மாட்டேன். என் கேட்டுல என்ன நடந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவேன். கூப்பிட்டா எடுக்கணும்."

"எடுப்பேன் தோன்யா."

"கோயில்ல இருந்தாலும்."

"கோயில்ல இருந்தாலும்."

"நியேவெஸ் கோவிச்சுக்குவா."

"அவ இப்பவே கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

அப்படித்தான் அந்தச் சங்கிலியில் ஐந்தாவது பூட்டு ஏறியது.

பதினோரு மாதம் அவர் வாக்குத் தவறவில்லை. தொமித்தீலாவின் அழைப்புக்கு மட்டும் தனி ஓசை வைத்துக்கொண்டார், கோழி கூவுகிற மாதிரி ஒன்று. தம்பி மகள் திருமணப் பூசையில் கோழி கூவிற்று. தலை குனிந்து, தூணுக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு வந்தார். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது கூவிற்று. நர்ஸைவிட்டு எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் சின்ன விஷயம்தான். காவலர்கள் நிலத்தில் வைத்த கேமராவில் குளவி கூடு கட்டியிருக்கிறது. உங்கள் ஆட்கள் காகிதக் கோப்பையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு தடவை, "ஒன்னுமில்லை, எடுக்கிறீங்களான்னு பாத்தேன்." தொமித்தீலாவை எவராடோ கூப்பிடுவது அபூர்வம். கூப்பிட்டால் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். குரலைப் பதிவு செய்து வைக்கிற ஏற்பாட்டை எல்லாம் தொமித்தீலா நிறுத்திவைத்திருந்தார். "மெஷின்கிட்டப் பேசுறதுக்கு நான் என்ன பைத்தியமா?"

அந்தப் பதினோரு மாதத்தில் அந்த நிலத்தில் யாரும் சாகவில்லை. இரண்டு பேரை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தி கர்ப்பிணி. தொமித்தீலா இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் தீவனக் கடையில் யாராவது பூட்டைப் பற்றிக் கேலி பேசினால், பேசினவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்று சொன்னார்கள். அதற்குமேல் அவர்கள் பேசுவதில்லை.

முளை வதந்தி கிளம்பியதும் இரண்டு பேர் தங்கள் கேட்டிலிருந்து பூட்டைக் கழற்றி எவராடோவின் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மாவட்டத்தில் கூட்டம் போடச் சொன்னார்கள்: ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின், மத்தியானம் ஒரு மணிக்கு, கோயில் மண்டபத்தில். எவராடோ தொமித்தீலாவிடம் போனார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் தோன்யா. நான் சொன்னா சம்பளத்துக்குச் சொல்றேம்பாங்க."

"நான் என்ன சொல்றது?"

"நடந்ததை."

"அந்தப் பையனைப் பத்திச் சொல்லணும். சொல்றேன். ஆத்தங்கரையில இருபத்திமூணு உருப்படி மாடு நிக்குது, அதுல பாதி சினை. அதுங்க விட்டா வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எவராடோ அந்த கேட்டில் இருந்தார். தொமித்தீலாவின் நிலத்தில் இருந்த கேமரா சனிக்கிழமை அணைந்துவிட்டது. கூட்டத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று கெல்லர் பேட்டரி மாற்ற ஓர் ஆளை அனுப்பியிருந்தான். எவராடோ திறந்துவிட்டார், காத்திருந்தார், ஆள் வெளியே வந்ததும் பூட்டினார். காற்று பலமாக அடித்தது. தூறல் மூக்குக்கண்ணாடியில் விழுந்து எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மாலைக்கண் மாதிரி ஆகிவிட்ட அந்தக் கண்களுக்கு அப்படிப்பட்ட காலை வேளை எப்போதும் சிரமம்தான். அதே நேரம் கெல்லரிடமிருந்து போன். எத்தனை நாற்காலி போடலாம், காப்பி யார் கொண்டுவருகிறார்கள், முதலில் யார் பேசுவது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பதில் சொல்லியபடியே பூட்டை மாட்டி அழுத்தினார். டக் என்று விழுந்தது. வண்டியில் ஏறினார்.

பூசையில் பாதிரியார் அறிவிப்புகளுக்கு நடுவே, அக்கரை மலைகளில் இரண்டு நாளாக மழை, அணையில் தண்ணீர் திறப்பார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதை என்றார். சாயங்காலத்துக்குள் ஏறும் என்று பேச்சு. எவராடோ தொமித்தீலாவை நினைத்தார். நேரம் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார், இந்த ஆற்றை அவரைவிடத் தெரிந்தவர் யார் என்றும் நினைத்தார்.

மண்டபத்தில் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். வாசலில் ஒரு கூடை. போன கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்து, பேச்சில் பாதியை வெட்டி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். முளை வதந்திக்கு முன்னால் வந்த வதந்தி அது. அதனால் இந்த முறை எல்லோரும் போனைக் கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும் என்று முடிவு. சோஸ்தெனெஸ் கூடைக்கு முன்னால் நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு.

"சாவிக்காரர் போடட்டும், அப்புறம் நான் போடுறேன்."

"எனக்கு அவசர அழைப்பு வரும் கொம்பாத்ரே."

"எனக்கும் வரும். என் மாமியாருக்கு எண்பத்தொம்பது."

வரிசை பின்னால் நின்றுகொண்டிருந்தது. கெல்லர் எவராடோவைப் பார்த்தான். தொமித்தீலா எப்படியும் இங்கேதானே வரப்போகிறார் என்று எவராடோவுக்குத் தோன்றியது. வருகிறவர் எதற்குக் கூப்பிடப்போகிறார். போனை எடுத்துக் கூடையில் போட்டார். அதன்மேல் சோஸ்தெனெஸின் போன் விழுந்தது, அதன்மேல் மற்றவை. யாரோ தன் கம்பளித் தொப்பியையும் மேலே போட்டார்கள். கூடையைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

முன்வரிசையில் தொமித்தீலாவுக்காக ஒரு நாற்காலியை எவராடோ பிடித்துவைத்திருந்தார். அது காலியாகவே இருந்தது. காப்பியும் இனிப்பு ரொட்டியும் ஒரு சுற்று வந்தன. கெல்லர் பேசினான். பிறகு எவராடோ எழுந்தார். பேச்சு சுமாராகத்தான் வரும் என்று நினைத்திருந்தார். ஆனால் அன்று வந்தது. சுவரைப் பற்றித் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று முதலிலேயே சொன்னார். பிறகு தான் கொண்டுவந்திருந்த சங்கிலியை மேசையில் வைத்து, ஐந்து பூட்டுகளைக் கோத்துக் காட்டினார்.

"இதுல என் பூட்டு இருக்கிறதால உங்க பூட்டு ஒன்னும் சின்னதாகலை. உங்க சாவி உங்க கையிலதான். உள்ளே வர்றவன் வேலியை வெட்ட மாட்டான், கேட்டைத் திறந்து போட மாட்டான். அப்படி ஏதாவது ஆச்சுன்னா நீங்க திட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்கான், பேரு எவராடோ, வீடு எல்லாருக்கும் தெரியும். தோன்யா தொமித்தீலாவைக் கேளுங்க. பதினோரு மாசத்துல அவங்க கூப்பிட்டு நான் எடுக்காத ஒரு நாள் உண்டான்னு கேளுங்க."

"அவங்களை எங்க காணோம்?" என்றது ஒரு குரல்.

"வருவாங்க."

கூட்டம் மூன்று மணிக்கு முடிந்தது. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன இருவரில் ஒருவர் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். சோஸ்தெனெஸ்கூட அருகில் வந்து, "யோசிக்கிறேன் கொம்பாத்ரே, அவசரப்படுத்தாதீங்க," என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. எவராடோவுக்கு மூன்று வருஷத்தில் அவ்வளவு லேசாக மனசு இருந்ததில்லை.

பிறகு கூடையிலிருந்து போனை எடுத்தார்.

ஏழு அழைப்புகள். ஏழும் தொமித்தீலா. முதலாவது ஒன்று பத்துக்கு. கடைசி ஒன்று ஐம்பத்திரண்டுக்கு.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து வண்டியை எடுத்தார். ஓட்டிக்கொண்டே கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆற்றோரச் சாலையில் திரும்பியதும் வலது பக்கம் கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் தெரிந்தது, தெரியக்கூடாத இடத்தில். சாயங்காலம் வரைக்கும் அது காத்திருக்கவில்லை.

கேட் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் தொமித்தீலாவின் மாடு ஏற்றும் டிரெய்லர், வண்டியிலிருந்து கழற்றி விடப்பட்டு, கோணலாக நின்றது. எவராடோ இறங்கிச் சங்கிலியைப் பிடித்தார். எரிவாயு, மின்சாரம், மான்காரர்கள், தன்னுடையது. நான்கும் பிடி கொடுத்தன. தொமித்தீலாவின் பூட்டு திறந்த வாயோடு, சாவி உள்ளேயே இருக்க, சும்மா ஆடிக்கொண்டிருந்தது. எவராடோவின் பூட்டு அதை விட்டுவிட்டு அடுத்ததில் மாட்டியிருந்தது. அவர் கையால் மாட்டியது. காலை ஏழு மணிக்கு.

இரும்பில் கீறல்கள் இருந்தன. தொமித்தீலா ஏதோ கம்பியால் நெம்பிப் பார்த்திருக்கிறார். நாற்பது நிமிஷம். பிறகு, கேட்டுக்குப் பத்தடி தள்ளி, வேலியை வெட்டியிருக்கிறார். முள்கம்பியின் நான்கு வரிசையும் சுருண்டு கிடந்தன. ஐந்து வருஷமாக யாரையும் தொடவிடாத வேலி. டிரெய்லர் நுழைய அந்த இடம் போதாது. வண்டி மட்டும் நுழைந்த தடம் ஈரமண்ணில் தெரிந்தது.

எவராடோ கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கருவேலங்காட்டுக்குள் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடைவரை வண்டி போயிற்று. அதற்குமேல் வழி இல்லை. எப்போதும் வறண்டு கிடக்கும் ஓடை, ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறியதில் இரண்டு பக்கமும் நிரம்பி, ஒரு சிறிய ஆறாகவே ஓடிக்கொண்டிருந்தது. கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு மாடு, பக்கவாட்டில் படுத்த மாதிரி, கால்களை நீட்டிக்கொண்டு, மெதுவாகச் சுற்றியபடி போயிற்று.

எதிரில் காற்றாலை மேடு. அந்த மேட்டில் தண்ணீர் ஏறியதாக யாருக்கும் நினைவில்லை. மேட்டின் மேல் தொமித்தீலாவின் வண்டி. அதைச் சுற்றி மாடுகள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. எவராடோ கண்ணைச் சுருக்கி எண்ணினார். பதினொன்று. திரும்ப எண்ணினார். பன்னிரண்டு. அதற்குமேல் வரவில்லை.

தொமித்தீலா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை நனைந்து சேறாக இருந்தார். கத்தினால் கேட்கிற தூரமில்லை. தண்ணீரின் இரைச்சல் வேறு. எவராடோ தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவர் பார்த்தார். பார்த்தது நிச்சயம், ஏனென்றால் தலை இந்தப் பக்கம் திரும்பி அசையாமல் நின்றது. கையைத் தூக்கவில்லை.

எவராடோ மாவட்டத்துக்குப் போன் செய்து படகு அனுப்பச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிறகு தொமித்தீலாவின் எண்ணை அழுத்தினார்.

காதில் மணி அடித்தது. எதிரே, மேட்டில், தொமித்தீலா சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பது தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மேகமூட்டத்தில் அதன் வெளிச்சம் சின்னப் புள்ளியாக இந்தப் பக்கம்வரை தெரிந்தது.

என்ன சொல்வதென்று எவராடோ யோசித்து வைத்திருக்கவில்லை. கூடையைப் பற்றிச் சொல்வதா, தூறலைப் பற்றிச் சொல்வதா. என் கைதான் தோன்யா, வேறு யாரும் இல்லை, என் கைதான். அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதானே கேட்டார், இதோ நிற்கிறான்.

நான்காவது மணி அடித்தது. ஐந்தாவது. தொமித்தீலா போனைப் பின்பலகையில் தன் பக்கத்தில் வைத்துவிட்டு, மாடுகளின் பக்கம் திரும்பினார். அந்தப் புள்ளி அணையவில்லை. எவராடோ போனைக் காதிலிருந்து எடுக்காமல் தண்ணீரின் ஓரத்திலேயே நின்றார். மணி அடித்துக்கொண்டிருந்தது.